ஒரே வாரத்தில் மூன்று வரவு

2024 நவம்பர், தீபாவளி முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். சத்திரப்பட்டியில் நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம். போனில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது. சம்பளம் எனக்குச் சனிக்கிழமை கையில் ரொக்கமாக வந்துவிடும். கணக்குக்கு வருவது 15ஆம் தேதியையொட்டி மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் மட்டும்தான். அதுதான் முன்கூட்டியே வந்துவிட்டதாக்கும் என்று திறந்து பார்த்தேன். 3,75,200 என்று இருந்தது.

பக்கத்தில் இருந்தவளிடம் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, இலக்கங்களை விரல் வைத்து எண்ணினேன். ஆறு இலக்கம். முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். யாருடைய பணமோ தப்பாக வந்திருக்கிறது, எடுத்துச் செலவழித்தால் போலீஸ் வரும் என்றுதான் தோன்றியது.

மூன்று நாளில் இன்னொரு செய்தி, 1,11,000 சொச்சம். அதற்கு அடுத்து 84 ஆயிரம் சொச்சம். மொத்தம் ஐந்து லட்சத்து எழுபதாயிரம். அந்த வாரம் என் மணிபர்ஸில் இருந்தது 140 ரூபாய்.

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்த்தார். 2022 ஜூனில், இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது 43. மகள் அப்போது எட்டாவது, மகன் மூன்றாவது. மில்லில் ஈமச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். "பிஎஃப் பணம் வரும், எழுதிக் கொடுங்க" என்றார்கள். அவர் கொரோனா சமயத்தில் பிஎஃப்பில் முன்பணம் எடுத்தது எனக்குத் தெரியும். அதனால் மிச்சம் ஒரு லட்சம் இருந்தால் அதிகம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்த ஒரு லட்சமும் இரண்டு வருஷத்துக்கு மேல் வரவில்லை. பிஎஃப் பட்டியலில் அவர் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருந்தது, ஆதாரில் வெறும் இனிஷியல். அதைத் திருத்த ஒரு படிவம், வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை, அதற்குத் தனி அலைச்சல். நடுவில் ஒருவர் "பத்து பர்சன்ட் கொடுங்க, ஒரு மாசத்துல முடிச்சுத் தாரேன்" என்று வீட்டுக்கே வந்தார். கொடுத்திருந்தால் 57,000 ரூபாய் போயிருக்கும். பிஎஃப்புக்கு மனுக் கொடுக்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. மில் தொழிற்சங்கத்தில் இருந்த ஓர் அண்ணன்தான் படிவங்களை நிரப்பிக் கொடுத்தார், டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

அவரிடம்தான் முதலில் போனேன். பாஸ்புக்கைப் பதிந்து எடுத்துப் போய், "அண்ணே, தப்பா வந்திருச்சு போல" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதினார். 1,11,000 பிஎஃப், படிவம் 20இல் கேட்டது. 84,000 குடும்ப ஓய்வூதிய நிலுவை, படிவம் 10டி. 3,75,200 இன்சூரன்ஸ், படிவம் 5ஐஎஃப்.

இன்சூரன்ஸ் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அவர் நீட்டிய எல்லாத் தாளிலும் போட்டேன், அதில் இதுவும் ஒன்று. பிஎஃப் பிடிக்கும் தொழிலாளிக்கு இடிஎல்ஐ என்று ஒரு காப்பீடு கூடவே ஓடுகிறது. அதற்குத் தொழிலாளி சம்பளத்தில் ஒரு பைசா பிடிப்பதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். வேலையில் இருக்கும் காலத்தில் இறந்தால் கிடைக்கும். மில்லுக்குள்தான் சாக வேண்டும் என்பதில்லை, வீட்டில் தூக்கத்தில் போனாலும் உண்டு. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தைப்போல் 35 மடங்கு, அதோடு அந்த 12 மாதத்தில் பிஎஃப் கணக்கில் இருந்த சராசரி இருப்பில் பாதி. இவருக்குப் பஞ்சப்படியோடு சேர்த்து மாதம் 9,400 காட்டியிருந்தார்கள். 35ஆல் பெருக்கினால் 3,29,000. இருப்பில் பாதி 46,200. கூட்டிப் பாருங்கள், அதே 3,75,200. இந்தக் கணக்கை அவர் ஒரு பீடிக்கட்டுக் காகிதத்தின் பின்பக்கம் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்குப் பயம் போனது. இந்தக் காப்பீட்டின் உச்சவரம்பு 2021 ஏப்ரலில் இருந்து 7 லட்சம்.

எதிர்பாராமல் அரசிடமிருந்து பெரிய தொகை வந்தால் முதல் வேலை இதுதான் என்பேன். எந்தத் திட்டத்தில், எந்தக் கணக்கில், எத்தனை மாதத்துக்கு வந்தது என்று காகிதத்தில் வரும்வரை ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. தப்பாக வந்திருந்தால் திருப்பிக் கேட்பார்கள், அப்போது செலவழித்த பணத்தைக் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டிவரும். சரியாக வந்திருந்தாலும் இந்தக் கணக்கு தெரியாமல் அதை எப்படிப் பிரிப்பது என்று தெரியாது.

பிரிப்பது என்றேன். அந்த அண்ணன் பென்சிலால் எழுதிய மூன்று வார்த்தைதான் எனக்கு வழி காட்டியது. அதுவரை என் தலைக்குள் அது ஐந்து லட்சத்து எழுபதாயிரம் என்கிற ஒற்றை மலை. ராத்திரி படுத்தால் வீடு வாங்குவேன், மகளை நர்சிங் படிக்க வைப்பேன், கடனை அடைப்பேன், எல்லாம் அதே மலையிலிருந்து. அத்தனையையும் கூட்டினால் பத்து லட்சம் வந்தது. மூன்றாகப் பார்த்தபோது வேறு மாதிரித் தெரிந்தது. ஓய்வூதிய நிலுவை என்பது கடந்துபோன இருபத்தெட்டரை மாதத்தின் பணம். அவர் இறந்த மறுநாளிலிருந்து கணக்கு. எனக்கும் இரண்டு பிள்ளைகளுக்குமாக மாதம் 2,950. அது மாதாமாதம் வந்திருந்தால் நான் கடன் வாங்கியிருக்க மாட்டேன். அதனால் அந்த 84,000 ஏற்கெனவே தின்று முடித்த பணம், கடன்காரர்களுடையது. பிஎஃப் அவர் சேர்த்தது. இன்சூரன்ஸ் அவர் இருந்திருந்தால் சம்பாதித்திருக்கப்போவது. அதை இன்றைக்கே செலவழித்தால் அடுத்த வருஷத்துச் சம்பளத்தை இந்த வருஷம் தின்றதாகும்.

சரி, கடனுக்கு வருகிறேன். இதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

என்னிடம் ஐந்து விதக் கடன் இருந்தது. லைன்காரரிடம் தீபாவளித் துணிக்கு வாங்கிய 10,000. கையில் கொடுத்தது 8,500. வாரம் 1,000 வீதம் பத்து வாரம், நான்கு வாரம் கட்டியாயிற்று. நுண்கடன் கம்பெனியில் வாங்கிய குழுக் கடன் மிச்சம் 21,400. அடகுக் கடையில் மகளின் தோடும் என் வளையலும் 30,000க்கு, ரெண்டு வட்டி, 14 மாதம் ஆகியிருந்தது. அண்ணாச்சி கடையில் பற்று 11,500. கொழுந்தனார் ஈமக் காரியத்தின்போது கொடுத்த கைமாற்று 15,000. இது போக, கூட்டுறவு வங்கியில் என் சங்கிலி மேல் நகைக்கடன் 60,000.

வட்டி அதிகமானதை முதலில் அடை என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் லைன் கடன்தான் முதல். ஆனால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. லைன்காரர் வட்டியை எடுத்துக்கொண்டுதான் பணமே கொடுத்தார். இன்றைக்கு மொத்தமாகக் கட்டினாலும் 6,000, ஆறு வாரம் இழுத்துக் கட்டினாலும் அதே 6,000. முன்கூட்டி அடைத்தால் எனக்கு ஒரு ரூபாய் லாபமில்லை. அடகுக் கடை அப்படியில்லை. அங்கே மாதம் பிறந்தால் 600. அதிலும் ஒரு நாள் கூடினால் முழு மாத வட்டி கேட்பார்கள். என் சீட்டில் தேதி 22. அதனால் 20ஆம் தேதியே போய் 38,400 கட்டித் திருப்பினேன். நான்கு நாள் சோம்பியிருந்தால் இன்னொரு 600. குழுக் கடனில் வட்டி மிச்சமிருக்கும் அசலுக்குத்தான் ஓடும். முன்கூட்டி அடைத்தால் அந்த வட்டி மிஞ்சும். குழுக்காரர் "முன்னாடி கட்டினா அபராதம் இருக்கும்க்கா" என்று இழுத்தார். நுண்கடனுக்கு முன்கூட்டி அடைக்கும் அபராதம் வாங்கக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. இதைச் சொன்னதும் வேறு பேச்சுப் பேசவில்லை. ஆனால் கடன் முடிந்தது என்று கம்பெனித் தாளில் எழுதி வாங்க மூன்று தடவை நடந்தேன். அது இல்லாமல் விடாதீர்கள். அடுத்து எங்காவது கடன் கேட்டால் பழைய கடன் இன்னும் நிற்கிறது என்று வரும்.

அண்ணாச்சி கடைக்கு வட்டியே கிடையாது. கணக்குப்படி அது கடைசி. நான் முதலில் அங்கேதான் போனேன். என் வீட்டுக்காரர் இறந்த மாதம் அரிசி கொடுத்த கடை அது. கணக்கு எல்லாவற்றையும் பார்க்காது. 11,500ஐ எண்ணிக் கொடுத்தபோது அண்ணாச்சி, "இப்ப என்ன அவசரம், பிள்ளைகளுக்கு வச்சுக்கோயேன்" என்றார். நோட்டில் என் பக்கத்தை அவரே கிழித்துக் கொடுத்தார். அதேபோல லைன் கடனையும் அடுத்த வாரமே மொத்தமாகக் கட்டிவிட்டேன். லாபமில்லை என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். ஆனால் திங்கள்கிழமை காலையில் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் என் மகன் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வான். அதற்கு ஒரு விலை போடலாம்தானே. எழுதிக் கொடுத்த புரோநோட்டை வாங்கி அங்கேயே கிழித்தேன்.

84 ஆயிரத்தில் இவ்வளவும் போக மிஞ்சியது 6,700. அதைக் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். "மதினி, நான் கேட்டேனா?" என்றார். கேட்கவில்லைதான். ஆனால் அவர் பெண்டாட்டி கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். மீதி 8,300ஐ பிஎஃப் பணத்திலிருந்து கொடுத்து முடித்தேன். அதே பிஎஃப்பில் 68,000 கட்டிக் கூட்டுறவு வங்கியிலிருந்து சங்கிலியைத் திருப்பினேன். அது என் வீட்டுக்காரர் முதல் போனஸில் வாங்கியது. மிச்சம் 35,000 வங்கியில் கிடக்கிறது. மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு, தொடுவதில்லை.

இனி நான் செய்த தப்பு.

வங்கிக்குப் பாஸ்புக் பதியப் போனபோது கவுன்டருக்குள்ளிருந்த தம்பி திரையைப் பார்த்துவிட்டு எழுந்தே வந்தார். அதுவரை அந்த வங்கியில் எனக்கு யாரும் நாற்காலி காட்டியதில்லை. "அக்கா, இவ்வளவு பணம் சும்மா கிடக்கலாமா? நல்ல டெபாசிட் ஒண்ணு இருக்கு, பாப்பா காலேஜுக்கு ஆகும்" என்று உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு லட்சத்துக்கு நான்கைந்து இடத்தில் கையெழுத்து. டெபாசிட் என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்துத் தபாலில் ஒரு தடிமனான உறை வந்தது. மகள் ஆங்கிலத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, "அம்மா, இது வருஷா வருஷம் ஒரு லட்சம் கட்டணுமாம், அஞ்சு வருஷம்" என்றாள். ஆயுள் காப்பீட்டு பாலிசி. வாரம் 1,900 ரூபாய் சம்பாதிக்கிறவள் வருஷம் ஒரு லட்சம் எப்படிக் கட்டுவேன் என்று அந்தத் தம்பி ஒரு நிமிஷம் யோசித்திருப்பாரா?

அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. காலையில் தொழிற்சங்கத்து அண்ணன், பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றார். ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஓடும் எல்லா ஆயுள் பாலிசிக்கும் அது உண்டு. உறையைத் தூக்கி எறியாதீர்கள், அதிலிருக்கும் தேதிதான் சாட்சி. வங்கியில் "மேனேஜர் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று தட்டிக் கழித்தார்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கே நேராக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் முத்திரைச் செலவும் வேறு ஏதோவும் கழித்துக்கொண்டு பணம் வந்தது. போனது சில நூறு ரூபாய்தான். அன்றிலிருந்து, இது வருஷா வருஷம் கட்டணுமா, நடுவில் எடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்கிற இரண்டு கேள்விக்குத் தமிழில் எழுதிக் கொடுக்காத எதிலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இதற்கு நடுவில், பாலிசிப் பணம் திரும்பி வருவதற்கு முன்பே, போஸ்ட் ஆபீஸ் போனேன். மாத வருமானத் திட்டத்தில் இரண்டரை லட்சம் போட்டேன். 7.4 சதவீதம், மாதம் 1,541 ரூபாய் வருகிறது. ஐந்து வருஷம் கழித்து அசல் அப்படியே திரும்பும். ஒரு வருஷத்துக்குள் எடுக்க முடியாது. மூன்று வருஷத்துக்குள் எடுத்தால் அசலில் 2 சதவீதம் பிடிப்பார்கள், அதற்குப் பிறகு என்றால் 1 சதவீதம். வட்டியைவிட எனக்கு இந்தப் பூட்டுதான் பிடித்தது. பிறகு, பாலிசியிலிருந்து திரும்பி வந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஒரு லட்சமாக்கி, அப்போது நடப்பில் இருந்த மகிளா சம்மான் சேமிப்புப் பத்திரத்தில் இரண்டு வருஷத்துக்குப் போட்டேன். 7.5 சதவீதம். மகள் பன்னிரண்டாவது முடிக்கும்போது முதிரும். அந்தத் திட்டம் 2025 மார்ச் 31ஓடு புதிதாகச் சேர்வதற்கு மூடப்பட்டுவிட்டது. மிஞ்சியதில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று 7,000க்கு வாங்கினேன். எனக்காக வாங்கியது அது ஒன்றுதான். சட்னி மறுநாளைக்கும் இருக்கிறது. மீதி பள்ளிக்கூடத்துக்குப் போனது.

பூட்டு பிடித்தது என்றேனே, அதன் காரணம் என் கூடப்பிறந்த அண்ணன். எப்படியோ காதுக்கு எட்டி, இரண்டாவது வாரமே பழம், பூவோடு வந்துவிட்டார். லோடு ஆட்டோ வாங்க ஒரு லட்சம். மாதம் 3,000 தருகிறேன் என்றார். நல்லவர்தான். என் கல்யாணத்துக்குக் கடன்பட்டவர். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "எல்லாத்தையும் போஸ்ட் ஆபீஸ்ல போட்டுட்டேன்ணே, ஒரு வருஷத்துக்கு எடுக்க விடமாட்டாங்க" என்றேன். அவர் வந்த அன்றைக்கு அது முழு உண்மை இல்லை. அதற்கு அடுத்த நாள்தான் போட்டேன். அவருக்கு முகம் கொஞ்சம் வாடியது, பழத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவு நல்லவர். பொய் சொன்னது இன்னும் உறுத்துகிறது. ஆனால் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், ஊருக்குத் தெரிவதற்குள் பூட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பூட்டிய பணத்தை இல்லை என்று சொல்லத் தேவையில்லை, பூட்டியிருக்கிறது என்று சொன்னால் போதும்.

அத்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை. மனைவி இருக்கும்போது தாய்க்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. விதி அப்படி. பெற்றவளுக்கு ஒன்றுமில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாதம் 500 அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வாங்கும்போது, "எனக்கு எதுக்கு தாயி" என்பார். வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார்.

டிசம்பரில் ஒரு போன் வந்தது. பிஎஃப் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உங்களுக்கு இன்னும் 1,80,000 வர வேண்டியிருக்கிறது, வரி 9,000 கட்டினால் விடுவிப்போம், போனுக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள் என்று நல்ல தமிழில் பேசினார்கள். என் வீட்டுக்காரர் பெயர், மில் பெயர், எல்லாம் சரியாகச் சொன்னார்கள். எனக்கு ஆசை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஒரு தடவை எதிர்பாராமல் வந்ததால் இரண்டாவது தடவையும் வரும் என்று மனசு நம்பிவிடுகிறது. காப்பாற்றியது அந்தப் பீடிக்கட்டுக் காகிதம்தான். மூன்று வரவும் கணக்கோடு முடிந்திருந்தன, நான்காவதுக்கு இடமில்லை. பணம் தருவதற்குப் பிஎஃப் ஆபீஸ் போனில் ஓடிபி எண் கேட்காது, முன்பணமும் கேட்காது. ஏற்கெனவே சொல்லித் தொலைத்தவர்கள் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930க்குப் பேச வேண்டும். சில மணி நேரம் தாண்டினால் பணம் பல கணக்குக்குச் சிதறிவிடும்.

இப்போது மாதக் கணக்கு இப்படி: சம்பளம் ஏழாயிரத்து ஐந்நூறை ஒட்டி, ஓய்வூதியம் 2,950, போஸ்ட் ஆபீஸ் 1,541, உரிமைத் தொகை 1,000. வாடகை 3,000. இழுத்துப் பிடித்தால் போதும். பிள்ளைகளின் பங்கு அவர்களுக்கு 25 வயது ஆகும்வரைதான். அதனால் அதை வரவாகப் பழகிக்கொள்ளாமல், இருவரின் பங்கும் சேர்ந்த 980ஐப் போஸ்ட் ஆபீஸில் மாதச் சேமிப்பாகப் போடுகிறேன். சில மாதம் முடிவதில்லை.

ஓய்வூதியம் நிற்காமல் வர வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். முதல் தடவை போனபோது என் கைரேகை மெஷினில் விழவில்லை. பதினோரு வருஷம் பேண்டேஜ் துணி சுற்றிச் சுற்றி விரல் வழவழவென்று ஆகிவிட்டது. பத்து விரலும் வைத்தாயிற்று. "அக்கா, கையைத் துடைச்சிட்டு வைங்க" என்று அந்தப் பெண் நான்கு தடவை சொன்னாள். கடைசியில் போனில் முகத்தைக் காட்டச் சொன்னாள். கண்ணைச் சிமிட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் நின்ற என் மகன், "அம்மா உயிரோட இருக்காங்கன்னு வந்திருச்சு" என்று அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னான்.